குடை காணாமல் போன கடல்

ஞானமுத்து இறந்துவிட்டான். நெய்யூர் ஆஸ்பத்திரியில், டைபாய்டு காய்ச்சலில், சென்ற வெள்ளிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் இரணியல் பஸ்ஸின் கண்டக்டர். கோட்டாறில் என் கடைக்கு முன்னால் பஸ் நின்றது. அவர் படியில் நின்றபடியே, "அண்ணாச்சி, நம்ம டிராயிங் சார் போயிட்டாரு. வைகிட்டு நாலு மணிக்கு அடக்கம்" என்றார். அப்போது ஒருவருக்குக் குடை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விரித்த குடையோடு தெருவில் இறங்கிவிட்டேன். வாங்க வந்தவர் பின்னாலேயே வந்து, என் கையிலிருந்து குடையை வாங்கி, மடக்கி, கடைக்குள் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அவனிடம் படம் வரையப் படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். குடையும் விளக்குக் கண்ணாடியும் விற்கிறவன் நான். எழுத்து என் தொழில் அல்ல. உங்களுக்கு அவர் சார். எனக்கு அவன் ஒரே பெஞ்சில் இருந்த ஞானமுத்து. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது. ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அவன் தங்கை எஸ்தர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். அவள் லேஸ் பின்னுகிறவள். இப்போது மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் வைத்தாள். திறக்காமலே எனக்குத் தெரியும் அதற்குள் என்ன இருக்கிறதென்று.

"அண்ணே, இத ஒருக்கா ஓட்டிக் காட்ட முடியுமா? எனக்குப் பாக்கணும்" என்றாள்.

அவள் அழவில்லை. கடைக்கு வந்து ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அந்த டின்னுக்குள் இருப்பது நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்தபோது கையால் வரைந்த ஓர் அசையும் படம். நான்கு பேர் சேர்ந்து செய்தோம். மூன்று பேர் பார்த்தோம். எஸ்தர் மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். ஞானமுத்து யார் என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

படங்கள் பேச ஆரம்பிக்காத காலம் அது. கோட்டாறுச் சந்தைக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் கோடைக்கு ஒரு பயாஸ்கோப் கொட்டகை போட்டார்கள். கொட்டகைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டிக்கட் கிழிப்பதும் அவர்தான், மெஷினைக் கையால் சுற்றுவதும் அவர்தான். பிலிம் அறுந்துபோனால், கெட்ட துண்டை வெட்டி வெளியே எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவார். அந்தத் துண்டுகளை நாங்கள் பொறுக்குவோம். மற்றப் பையன்கள் அதில் ராஜாவும் ராணியும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவார்கள். ஞானமுத்து ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினான். வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தங்கையா, குதிரைக்க கால் இங்க இருக்கு, பொறவு இங்க இருக்கு. நடுவுல உள்ளத நம்ம கண்ணுதான் போட்டுக்கிடுது. இத நம்மளே வரையலாம் லே" என்றான்.

நான் கேட்ட முதல் கேள்வி, பிலிம் யார் தருவார்கள் என்பது. என் புத்தி அன்றைக்கும் அப்படித்தான் ஓடியது. மறுநாள் கொட்டகைக்காரரிடம் நான்தான் பேசினேன். சந்தை நாட்களில் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் கொடுக்கிறோம், கூலி வேண்டாம், கெட்டுப்போன பிலிமைத் தாருங்கள் என்றேன்.

"என்னல செய்யப் போறிய அத வச்சு?"

"படம்" என்றான் ஞானமுத்து.

"அதுல படம் இருக்கத்தான செய்யுது."

"அத அழிச்சிட்டு எங்க படம்."

அவர் சிரித்துவிட்டார். "சரிடே, முடிச்சுக் கொண்டாங்க. போட்டுக் காட்டுதேன்."

சிரிப்பில் சொன்ன வார்த்தையையும் வார்த்தையாகவே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "எப்ப போடுவிய?" என்று கேட்டேன். "கடைசி ஆட்டத்தன்னைக்கு, பெரிய படத்துக்கு முன்னால" என்றார். நான் வாழ்க்கையில் செய்த முதல் பேரம் அது.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அதுதான் எங்களுக்குக் கெடு. ஞானமுத்துவுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. அவன் அப்பா சபைக் கோயிலில் உபதேசியார். கண்டிப்பானவர், ஆனால் கேட்டதைக் காதில் வாங்கிக்கொள்கிறவர். "கொட்டாய் நிக்கது வரைக்கும் ஒனக்க பொம்ம வேல நடக்கட்டு. கொட்டாய் போச்சுன்னா நீ வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலுக்குப் போணும். அதுக்குப் பொறவு இந்தப் பேச்சு கூடாது" என்றார். அவன் தலையாட்டினான். வெளியே வந்ததும் என்னிடம், "ஒரு தடவ அசைஞ்சு பாத்தா போதும் லே. ஒரே தடவ" என்றான்.

வேலை நடந்தது உபதேசியார் வீட்டின் பின்பக்கத்தில், எஸ்தர் லேஸ் பின்னும் அறையில். பிலிம் தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் விளக்கே ஏற்றக் கூடாது என்பது உபதேசியார் போட்ட சட்டம். பகல் வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. நாங்கள் நான்கு பேர். பிலிமைக் கழுவுவது மீரானுக்கு. அவன் கடலோரக் குளச்சல் பையன், எங்கள் வகுப்பு. கோட்டாறில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். சுடுதண்ணீரில் சலவைக்காரத்தைக் கரைத்துப் பிலிமை ஊறவைத்துத் துணியால் துடைத்தால், மேலே இருக்கும் படமெல்லாம் கரைந்துவிடும். கண்ணாடி போல வெறும் நாடா கிடைக்கும். "ராஜா, ராணி, யானப் பட எல்லாம் வாளிக்குள்ள கஞ்சியா கெடக்கு, வந்து பாருங்க மக்களே" என்பான் மீரான். அவன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

பிலிம் நழுவாமல் நிற்க வேண்டும். ஒரு கட்டம் தலைமுடி அளவு தள்ளினாலும் திரையில் படம் குதிக்கும் என்று கொட்டகைக்காரர் சொல்லியிருந்தார். பலகையில் ஒட்டிப் பார்த்தோம், சரிவரவில்லை. எஸ்தர் தன் லேஸ் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னல் நகராமல் இருக்க அதில் பித்தளை ஊசிகளைக் குத்தி வைப்பார்கள். பிலிமின் ஓரத் துளைகளில் அந்த ஊசிகளை இறக்கினாள். நாடா அசையவில்லை. பிறகு லேஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். அன்று முதல் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊசியை எடுப்பதும் இறக்குவதும் அவள் வேலை. ஞானமுத்து வரைவான். கட்டம் நகர வேண்டும் என்றால் "ம்" என்பான். அவள் நகர்த்துவாள். அந்த வீட்டில் அந்தக் கோடை முழுக்க அந்த "ம்" தான் கேட்டது.

கதை ரொம்பச் சின்னது. ஒரு மனிதன் குடை பிடித்து வரப்பில் நடக்கிறான். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வயல், குளம், பனங்காடு என்று குடை பறக்க, இவன் பின்னாலேயே ஓடுகிறான். கடைசியில் குடை கடலில் விழுகிறது. அலை அதை எறிந்து எறிந்து விளையாடுகிறது. இவன் கரையில் நிற்கிறான். காற்று திரும்புகிறது. குடை அவன் கைக்கு வந்து சேருகிறது. வெற்றிலை மடித்து வாயில் போட்டு மென்று முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

குடை எப்படிப் பறக்கும் என்று பார்க்க எங்கள் அப்பாவின் குடையைக் கொண்டுவரச் சொன்னான். குளத்தங்கரையில் நின்று அதை விரித்துக் காற்றில் விட்டோம். எகிறிப் போய்க் குளத்தின் நடுவில் விழுந்தது. மீரான் நீந்தி எடுக்க வேட்டியை மடித்துக் கட்டினான்.

"எடுக்காத லே. அது எப்படி முங்குதுன்னு பாக்கணும்" என்றான் ஞானமுத்து.

"இவனுக்க அப்பன் இவன எப்படி முக்குவாருன்னு நாளைக்குப் பாக்கலாம்" என்றான் மீரான்.

குடை சாய்ந்து, ஒரு பக்கம் தண்ணீர் ஏறி, கைப்பிடி மேலே ஒரு நிமிஷம் நின்று, பிறகு போனது. ஞானமுத்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மீரான் சொன்ன இன்னொரு காட்சியை நான் மட்டும் வீட்டில் தனியாக அனுபவித்தேன்.

இனி மையின் கதை. மனிதன், வரப்பு, அலை எல்லாம் மெல்லிய கோடுகள். அவற்றை எஸ்தரின் ஊசியால் பிலிமில் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்தால் கோட்டில் கரி உட்கார்ந்துகொள்ளும். குடையை மட்டும் முழுக்கக் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஆனால் மை அந்த வழுவழுப்பில் நிற்கவில்லை. காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. பிசினைக் கலந்தோம், வெடித்தது. அப்போது சபைக் கோயிலுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். சாந்தில் கருப்பட்டித் தண்ணீரைச் சேர்த்து அரைப்பதை ஞானமுத்து பார்த்துவிட்டு வந்தான். "சொவத்தயே பிடிச்சு நிறுத்துது. ஒரு பொட்டு மைய நிறுத்தாதா?" என்றான். எங்கள் ஊரில் எதற்குத்தான் கருப்பட்டி போடுவதில்லை? நான்கு பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. பாகு காய்ச்சி மையில் கலந்தோம். பிலிமில் அப்படியே பிடித்துக்கொண்டது. பளபளவென்று இருந்தது. குடை குடையாகத் தெரிந்தது.

வயலும் குளமும் பனங்காடும் முடிந்தன. கடலும் முடிந்தது. அலையை மட்டும் மீரான் பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டே இருந்தான். "இது கடலா, உங்க குளமா? அலை வரும்போ முதல்ல உள்ள இழுக்கும், அத வரை" என்பான். குடை திரும்பி வரும் கடைசிப் பகுதிதான் மிச்சம். வரைந்தவரை சுருட்டி இந்த டின்னில் வைத்தோம்.

மறுநாள் காலையில் நான் போனபோது எஸ்தர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். டின் திறந்து கிடந்தது. சன்னலிலிருந்து டின்வரைக்கும் சிற்றெறும்பு சாரை போட்டிருந்தது. உள்ளே பிலிம் தெரியாத அளவுக்கு எறும்பு.

மீரான்தான் முதலில் வாயைத் திறந்தான். "சவம், நம்ம படத்துக்கு மொத கூட்டம் வந்திட்டு பாத்தியா."

எறும்பைத் தட்டிவிட்டு, நாடாவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சுருளின் உள்பக்கம் தப்பியிருந்தது. வெளிச்சுற்றுகளில் இருந்த கடல் பகுதி முழுக்கப் போயிருந்தது. போனது என்றால், கடல் போகவில்லை. ஊசிக் கீறலும் கரியும் அப்படியே இருந்தன. அலை இருந்தது, கரையில் மனிதன் இருந்தான். கருப்பட்டி போட்ட குடையை மட்டும் கட்டம் கட்டமாகத் தின்று சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தன.

கொட்டகையில் கடைசி ஆட்டம் என்று அன்று காலையில்தான் தண்டோரா போட்டிருந்தார்கள். இரண்டு பகல் பொழுதுதான் கையில். கடலுக்கு மறுபடி குடை போட்டால் முடிவுக்கு நேரம் இல்லை. முடிவை வரைந்தால் கடலில் குடை இல்லை. எனக்கு வந்த யோசனையைச் சொன்னேன். கடலை வெட்டி எறிந்துவிட்டு, பனங்காட்டிலிருந்து நேராகக் குடையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்றேன். சரக்கு கெட்டால் கெட்டதைக் கழித்துவிட்டு மிச்சத்தை விற்பதுதான் முறை. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஞானமுத்து நாடாவை இரண்டு கையாலும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தான். எஸ்தர் கேட்டாள்: "அண்ணே, குடை முங்கிட்டுன்னு வச்சா அவன் என்ன செய்வான்?"

"பாத்துக்கிட்டு நிப்பான்."

"இதுல அதத்தான செய்யுதான்?"

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு எங்களை. "குடை முங்கிட்டு லே. கடல் சும்மா கெடக்கு. ஆளு நிக்கான். அப்பிடியே இருக்கட்டு" என்றான்.

"சும்மா கெடக்க கடல எவன் காசு குடுத்துப் பாப்பான்?" என்று நான் கேட்டேன்.

"குடை வருமான்னு பாப்பான்."

முடிவுக்கு வேறு மை வேண்டும். கோட்டாறில் ஒரு ஆசாரியிடம் போய் மரத்துக்குப் பூசும் அரக்கு பாலீஷ் கொஞ்சம் வாங்கிவந்தேன். அதில் கரியைக் குழைத்துப் பூசினான். பிடித்துக்கொண்டது, எறும்பும் கிட்ட வரவில்லை. அலைக்கு அப்பால் ஒரு புள்ளி. அடுத்த கட்டத்தில் அதே புள்ளி. "ம்". கொஞ்சம் பெரிய புள்ளி. "ம்". எஸ்தரின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திச் சிவந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் குடை மனிதன் கைக்கு வந்தபோது, அவன் "ம்" என்று சொல்ல, அவள், "இனி கட்டம் இல்லண்ணே" என்றாள்.

கடைசி ஆட்டத்தன்று உபதேசியார் வாசலில் நின்று மகனிடம், "நீ போயிட்டு வா" என்றார். மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உபதேசியார் மகள் பயாஸ்கோப் கொட்டகைக்குள் கால் வைத்தால் சபையில் என்ன பேசுவார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எஸ்தர் டின்னைத் துணியில் சுற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு, "பைய நடங்கோ. கொட்டிராதுங்கோ" என்றாள்.

கொட்டகைக்காரர் நாடாவை விரலால் தடவிப் பார்த்தார். முதன்முதலாக அவர் முகத்தில் கேலி இல்லை. மெஷினை யாரும் தொடக் கூடாது, தானே சுற்றுவதாகச் சொன்னார். ஆனால் அவர் எப்போதும் வேகமாகச் சுற்றுகிறவர். ஞானமுத்து அவர் தோளில் கை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டான். "நான் தட்டுறதுக்கு ஏத்தாப்புல சுத்துங்க அண்ணாச்சி." அவர் சம்மதித்தார்.

திரையில் வெளிச்சம் விழுந்தது. வரப்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு மனிதன் நடந்தான். நான் மாதக்கணக்கில் விரல் நகம் அளவில் பார்த்த அதே மனிதன், ஆள் உயரத்தில், காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தான். என் பக்கத்தில் மீரான் முதல் தடவையாக வாயடைத்துப் போனான். குடை பறந்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். பனை உச்சியில் மாட்டியபோது, "ஏறி எடுலே" என்று ஒருவர் கத்தினார். பிறகு கடல் வந்தது.

ஞானமுத்து தட்டுவதை நிறுத்திவிட்டு, கொட்டகைக்காரர் தோளை மெல்ல அமுக்கினான். அவர் சுற்றுவது தளர்ந்தது. அலை வந்தது, போனது. மனிதன் நின்றான். "குடை எங்கலே?" என்று யாரோ கேட்டார்கள். "முங்கிட்டு போல" என்று இன்னொருவர். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. "இதுக்கு மேல தாமசிச்சா பத்திக்கிடும்டே" என்று கொட்டகைக்காரர் அடிக்குரலில் சொன்னார். ஞானமுத்து கையை எடுக்கவில்லை. அலை இன்னொரு தடவை உள்ளே இழுத்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் தரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்போது அந்தப் புள்ளி தெரிந்தது.

"வருது" என்றது கொட்டகை முழுதும். கத்தவில்லை, பக்கத்து ஆளிடம் சொல்வது போலச் சொன்னார்கள்.

"இன்னொருக்கா போடுங்க" என்று கேட்டார்கள். பெரிய படத்தின் முதல் சுருள் ஏற்கெனவே தயாராக இருந்தது. போடவில்லை. மறுநாள் வயலில் கொட்டகை இல்லை. வாரத்துக்குள் மழை இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் எஸ்தர் கேட்டது ஒரே கேள்வி. "கடல்ல எம்புட்டு நேரம் நின்னான்?" ஞானமுத்து சொல்லிப் பார்த்தான். எழுந்து நின்று, அந்த மனிதனைப் போலவே கையைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னாளில் என்னிடம், "சொன்னா அது கதையாயிருது லே. அவளுக்குக் கதை வேண்டாம். அவ ஊசி குத்துனது கதைக்கில்ல" என்றான்.

அவன் டிரெயினிங் முடித்து இரணியல் பக்கம் டிராயிங் வாத்தியார் ஆனான். மீரான் கொழும்புக்கு, ஒரு ஜவுளிக்கடைக்குப் போனான். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது. சந்தையில் குடை பழுது பார்க்க உட்கார்ந்தேன். அதிலிருந்து கடை. கடைக்குப் பலகை எழுதித் தந்தது அவன்தான். சாய்ந்த ஒரு குடை. அடியில் ஆள் இல்லை. ஆள் எங்கே என்று கேட்டேன். "ஆள வரஞ்சா அது அந்த ஆளுக்க குடை. வாங்க வாறவன் அடியில தன்ன நெனைக்கணும். எடம் விட்டுருக்கேன்" என்றான். உங்களுக்கும் வகுப்பில் இதை வேறு விதமாகச் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். தாளை முழுக்க நிரப்பிக் கொண்டுபோனவர்களை அவன் என்ன செய்வான் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

உபதேசியார் காலமான பிறகு எஸ்தர் கொட்டகைக்குப் போவதைத் தடுக்க யாரும் இல்லை. அதற்குள் படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. மெஷினை மோட்டார் சுற்றியது. ஞானமுத்து ஒரு தடவை டின்னைத் தூக்கிக்கொண்டு ஒரு பேசும்படக் கொட்டகைக்குப் போனான். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "இது நம்ம மோட்டார்ல ஒருக்கா இருமுறதுக்குள்ள ஓடிப்போவும் சார்" என்றாராம். வரும் வழியில் என் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். "அவசரமா காட்டுறதுக்குக் காட்டாமலே இருக்கலாம். அவ இத்தன வருசம் நின்னிட்டா. இனி கையால சுத்துற மெஷின் கெடைக்கட்டு" என்றான். ஒவ்வொரு கோடையிலும் இந்த வருஷம் பார்ப்போம் என்பான். நானும் பார்ப்போம் என்பேன். பள்ளிக்கூடம் திறந்துவிடும். எனக்கும் மழைக்கால வியாபாரம் வந்துவிடும்.

இப்போது கடையில் உட்கார்ந்தால், இரணியல் பஸ் வரும் நேரத்துக்குக் கண் தானாக ரோட்டுக்குப் போகிறது. சனிக்கிழமை பஸ்ஸில்தான் அவன் வருவான். இறங்கும்போதே "காப்பி உண்டா லே?" என்பான். பஸ் வருகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், பஸ் போகிறது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டி எறியலாம் என்று நான் சொன்ன இடம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன், அதை வியாபாரத்துக்குத்தான் பயன்படுத்தினேன். விலையைச் சொன்ன பிறகு பேசக் கூடாது. மற்றக் கடைக்காரர்கள் விலையைச் சொல்லிவிட்டுப் பயந்துபோய்ச் சரக்கின் பெருமையைச் சொல்வார்கள், பிறகு தாங்களே குறைப்பார்கள். நான் சொல்லிவிட்டு நிற்பேன். கடலைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதன் நின்றது போல. வருகிறது வரும்.

சென்ற திங்கட்கிழமை டின்னை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் இப்போது படம் ஓட்டும் கொட்டகை முதலாளியைப் பார்க்கப் போனேன். மோட்டாரின் வாரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் முடியாது என்றார். பழைய பிலிம், சுருங்கியிருக்கும், எரிந்தால் மெஷின் போய்விடும், ஒரு பொம்மைப் படத்துக்கு யார் பொறுப்பு என்றார். பொறுப்பு என்னுடையது என்றேன். நான் தரக்கூடியதைச் சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் தலையைச் சொறிந்தார், கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார், அனுப்பினார், டின்னைத் திறந்து ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் நின்றேன்.

"ஆருக்குக் காட்டணும்?" என்று கேட்டார்.

"இத வரையும்போ ஊசி குத்துன பிள்ளைக்கு."

அவர் டின்னை மூடி என் பக்கம் தள்ளினார். "சனியாழ்ச்ச மதியம் கொண்டாங்க அண்ணாச்சி" என்றார்.

பேசி முடித்தது இப்படி: வருகிற சனிக்கிழமை, மதிய ஆட்டத்துக்கு முன்னால், ஒரே தடவை. டிக்கட் கிடையாது, ஞானமுத்துவை அறிந்தவர்கள் யாரும் வரலாம். முன்வரிசை நடு நாற்காலி எஸ்தருக்கு. மணல் வாளியும் நனைத்த சாக்கும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். மெஷினுக்குச் சேதம் வந்தால் பழுது என் செலவு. கொட்டகை வாடகைக்கு என் கடையிலிருந்து ஒரு டஜன் குடை. மோட்டார் வாரை அவர்கள் கழற்றித் தருவார்கள், சுற்றுவது நான். கடல் வரும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் அவர் தலையிட மாட்டார்.